நம் பங்குப் பணமும் நம் பிள்ளைகளின் மைதானமும்

கோவளம் கடற்கரைக்கு 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தூய்மை, பாதுகாப்பு, பார்வையாளர் வசதி என்று 33 நிபந்தனைகளை நிறைவேற்றும் கடற்கரைகளுக்கு உலக அளவில் தரப்படும் சான்று இது. தமிழ்நாட்டில் இதை முதலில் பெற்றது நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம்தான். கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் 2022-ல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதற்கு மாநில அரசு ரூ.92 கோடிக்கு மேல் ஒதுக்கியது. 2023 ஆகஸ்டில் அங்கேயே சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் நடந்தது. மேற்கே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால், பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரியில், நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில் உலகத் தரத்தில் விளையாட்டு நகரம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது.

இப்படி, கோவளத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் அரசு செலவிட்ட, செலவிடப் போகிற பல கோடி ரூபாய் அதற்குள் வந்துவிடும். இவற்றில் எதையும் நாம் எதிர்க்கவில்லை. உலகத்து வீரர்கள் நம் மண்ணுக்கு வருவது நம் பிள்ளைகளுக்கும் பெருமைதான். ஆனால் அதே வட்டத்துக்குள் எத்தனையோ காலனிகள் இருக்கின்றன. அந்தக் காலனிப் பிள்ளைகள் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால், யாரையும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் போய் விளையாட ஓர் இடம் இருக்கிறதா? அரசின் விளையாட்டுச் செலவை நாம் அளக்க வேண்டிய அளவுகோல் இதுதான்.

கடலுக்கு அனுமதிச் சீட்டு இல்லை

கோவளத்தில் அலைச்சறுக்கு வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். அங்கே அந்த விளையாட்டை முதலில் கைக்கொண்டவர்கள் மீனவ இளைஞர்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே கற்றுக்கொண்டு, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். தனியார் ஆதரவோடு ஒரு பயிற்சிப் பள்ளி உருவானது. 2013 முதல் அலைச்சறுக்குத் திருவிழாவும் நடந்தது. அரசு வந்து அரங்கம் கட்டி, அதன் பிறகு வீரர்கள் உருவாகவில்லை. வீரர்கள் முதலில் உருவானார்கள். அரசும் சர்வதேசப் போட்டிகளும் பிறகு வந்தன.

அது எப்படி முடிந்தது? கடல் அவர்களுக்கு வாசலில் இருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய அலை. 'இங்கே ஏன் வந்தாய்' என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கோவளம் மீனவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். கரையையும் வாழ்வாதாரத்தையும் காக்க அவர்கள் நடத்தும் போராட்டம் வேறு வகை. ஆனாலும் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. தினமும் தடையில்லாமல் போகக்கூடிய ஓர் இடம் இருந்தால், பிள்ளைகள் தாமாகவே வீரர்கள் ஆகிவிடுவார்கள். பயிற்சியாளரும் கருவிகளும் பரிசும் அதற்குப் பிறகுதான்.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. விளையாட நிலம் வேண்டும். கிராமத்தில் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர் மைதானம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஊர்த்தெருவை ஒட்டியோ கோயிலை ஒட்டியோ இருக்கும். சட்டப்படி அது புறம்போக்கு, அதாவது எல்லாருக்கும் பொதுவானது. வழக்கத்தில் அது ஊராருடையது. காலனி டீம் ஏரியின் உள்வாயிலும், அறுவடை முடிந்த கழனியிலும், சாலையோரத்திலும் ஆடும். மழை வந்தால் ஏரி நிரம்பும், ஆட்டம் நிற்கும். நாற்று விட்டால் கழனி போகும், ஆட்டம் நிற்கும். மனைப்பிரிவுக்குக் கல் நட்டால் அந்த இடமும் ஒரேயடியாகப் போய்விடும். தாம்பரத்திலிருந்து திருப்போரூர் வரை கடந்த இருபது ஆண்டுகளில் இப்படிப் போன கிரவுண்டுகளுக்குக் கணக்கே இல்லை.

நிலம் என்ற பேச்சு வந்தாலே நம் மாவட்டத்தின் வரலாறும் கூடவே வரும். தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் விரிவான அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்பியவர் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர். அடுத்த ஆண்டு வந்த அரசாணையின்படிதான் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அந்த நிலங்கள் கை மாறிப் போனதும், அவற்றை மீட்கக் காரணை கிராமத்தில் மக்கள் போராடியதும், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் மறக்காத செய்திகள். வீட்டுமனைக்கும் சுடுகாட்டுக்கும் நிலம் கேட்டே களைத்துப்போன மக்களிடம், 'மைதானத்துக்கும் நிலம் கேளுங்கள்' என்று சொன்னால் ஆடம்பரமாகத் தோன்றலாம். அப்படித் தோன்றக் கூடாது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பந்து எடுத்தாலும் குற்றம், வென்றாலும் குற்றம்

குஜராத் மாநிலம் படான் மாவட்டத்தில் காகோஷி என்ற ஊரில் 2023 ஜூன் மாதம் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் நடந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலித் சிறுவன் தன் பக்கம் வந்த டென்னிஸ் பந்தை எடுத்தான். அதில் தொடங்கிய தகராறு, அவன் உறவினர் ஒருவரின் கட்டைவிரலை வெட்டுவதில் போய் முடிந்தது. அது பள்ளி மைதானம். அரசுப் பணத்தில் இருக்கும் பொது இடம்.

தமிழ்நாட்டைப் பார்ப்போம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11-ஆம் வகுப்பு தலித் மாணவரை இறக்கி வெட்டினார்கள். அவருடைய கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள்.

தேசிய அணிக்குப் போய்விட்டால் சாதி விட்டுவிடுமா? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்த முதல் இந்தியப் பெண் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. அதே போட்டியில், 2021 ஆகஸ்ட் 4 அன்று, அரையிறுதியில் இந்தியா தோற்றது. உடனே ஹரித்வார் அருகே உள்ள அவருடைய வீட்டுக்கு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் இருந்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று பேசினார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். பல்வங்கர் பாலு என்ற தலித் இளைஞர் புனேயில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் கூலி வேலைக்குப் போனார். வெள்ளைக்காரர்களுக்கு வலையில் பந்து வீசி வீசியே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஊரில் ஆடும்போதோ, தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். அணித் தலைவர் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைத்தது.

இந்த நிகழ்வுகளில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலு மைதானத்துக்குள் போனது கூலியாளாக. ஆட்டக்காரராக உள்ளே போக அவருக்கு வழி இருக்கவில்லை. கூலியாளாகவாவது உள்ளே போக முடிந்ததால்தான் அவருடைய திறமை வெளியே தெரிந்தது. உள்ளேயே போக முடியாத எத்தனை பாலுக்கள் இருந்திருப்பார்கள்?

ஆகவே மைதானம் வெறும் பொழுதுபோக்கு இடம் அல்ல. சாதி இன்னும் தன் எல்லைக்கோட்டைப் போட்டு வைத்திருக்கும் பொது இடங்களில் அதுவும் ஒன்று. அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அரசுப் பணத்தில் முழுமையாகவோ ஓரளவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதையும் பயன்படுத்த சாதியின் பெயரால் யாருக்கும் தடை இருக்கக் கூடாது என்று 15-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்கிறது. பொது இடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஊராட்சி மைதானமும் பள்ளி மைதானமும் இதில் அடங்கும். கோயில் திருவிழா டோர்னமென்ட் ஆனாலும், அது நடக்கும் இடம் புறம்போக்கு என்றால், காலனிக்காரர்களை உள்ளே விடாமல் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

டெல்லியில் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது

இனி பணத்துக்கு வருவோம். தலித் மக்களின் மேம்பாட்டுக்காக 1979-80 முதல் சிறப்புக் கூறுகள் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இப்போது துணைத்திட்டம் என்றும் மேம்பாட்டுச் செயல்திட்டம் என்றும் வெவ்வேறு பெயர்களில் சொல்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்: அரசின் திட்டச் செலவில், மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ அந்த அளவு பணம் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அது 20 சதவீதம். அதாவது ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்.

இந்தப் பணம் விளையாட்டு அரங்கத்துக்குத் திருப்பப்பட்ட வரலாறு இருக்கிறது. 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. அதற்காக டெல்லி அரசு சிறப்புக் கூறுகள் திட்டத்தின் பணத்தை எடுத்துச் செலவழித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்களை வைத்து தலித் உரிமை அமைப்புகள் ரூ.744 கோடி திருப்பப்பட்டதாகக் கணக்குக் காட்டின. நாடாளுமன்றத்தில் பிரச்சினை எழுந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், சுமார் ரூ.678 கோடி திருப்பப்பட்டதை மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். அது தவறு என்றும், பணம் திருப்பித் தரப்படும் என்றும் சொன்னார்.

தலித் மாணவரின் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய பணம் அது. ஒரு பன்னாட்டு விழாவின் அவசரத்தில் அதை எடுப்பது எளிதாக இருந்தது. யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியமே காரணம்.

இது எப்படி நடக்கிறது என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு துறை, எல்லாருக்கும் பொதுவான ஒரு பாலமோ அரங்கமோ கட்டுகிறது. அந்தச் செலவில் 20 சதவீதத்தை எடுத்து, 'இது ஆதிதிராவிடர் பங்கு' என்று கணக்கில் எழுதிவிடுகிறது. அரங்கத்தை எல்லாரும் பயன்படுத்துவார்கள், அதில் தலித்துகளும் இருப்பார்கள், ஆகவே அவர்களுடைய பங்கு கொடுத்தாயிற்று என்பது வாதம். காகிதத்தில் கணக்கு நேராகிவிடும். காலனிக்கு ஒரு செங்கல்கூட வந்திருக்காது. தலித் குடும்பத்துக்கோ குடியிருப்புக்கோ நேரடியாகப் போய்ச் சேரும் செலவை மட்டுமே இந்தப் பங்கில் காட்ட வேண்டும் என்பதுதான் நியாயம்.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. 2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்கு 2025 நவம்பரில் உறுதியாகியிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியாவுக்குக் கொண்டுவர மத்திய அரசு முயல்கிறது. இனி வரும் ஆண்டுகளில் விளையாட்டுக் கட்டுமானத்துக்குப் பெரும்பணம் போகும். 2025-26 நிதியாண்டுக்கு மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் ரூ.3,794 கோடி. அதில் 'கேலோ இந்தியா' திட்டத்துக்கு மட்டும் ரூ.1,000 கோடி.

'கேலோ இந்தியா'வில் விளையாட்டுக் கட்டமைப்புக்காக உத்தரப் பிரதேசத்துக்கு சுமார் ரூ.438 கோடி, குஜராத்துக்கு சுமார் ரூ.426 கோடி, தமிழ்நாட்டுக்கு சுமார் ரூ.20 கோடி என்ற கணக்கு 2024-ல் வெளியானபோது நம் மாநிலத்தில் கொதிப்பு எழுந்தது. நியாயமான கொதிப்பு. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் 98 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்த மாநிலம் தமிழ்நாடு. 'எங்கள் பங்கு எங்கே' என்று டெல்லியைப் பார்த்துக் கேட்கத் தமிழ்நாட்டுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அதே கேள்வியைச் சென்னையைப் பார்த்தும், மாவட்ட ஆட்சியரைப் பார்த்தும், ஊராட்சித் தலைவரைப் பார்த்தும் கேட்கக் காலனிக்கும் உரிமை இருக்கிறது.

திட்டங்கள் வந்தன, காலனிக்கு வந்ததா?

கிராமத்துக்கு மைதானம் என்ற திட்டம் புதிதல்ல. மத்திய அரசு 2008-09-ல் ஊராட்சி இளைஞர் விளையாட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஓர் ஊராட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய், ஒன்றியத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்று ஒருமுறை மானியம் கொடுத்து, பத்து ஆண்டுகளில் நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் மைதானம் அமைப்பது நோக்கம். 2014-ல் அதை வேறு பெயரில் மாற்றினார்கள். பிறகு அதுவும் கேலோ இந்தியாவில் கரைந்துபோனது. மாநிலத்தில் 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஓர் ஊராட்சிக்கு ரூ.20 லட்சம் வீதம் கொடுத்தது. நூலகம், குளம், சுடுகாட்டோடு விளையாட்டு மைதானமும் அதில் இருந்தது. 2024 பிப்ரவரியில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் தொடங்கியது. சுமார் ரூ.86 கோடியில், மாநிலத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட் மட்டை, வாலிபால், சிலம்பம் என 33 வகைப் பொருள்கள். சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக, தலா ரூ.3 கோடியில் சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டமும் நடக்கிறது.

இவை நல்ல திட்டங்கள்தான். ஆனால் திட்டம் ஊராட்சியோடு நின்றுவிடுகிறது. ஊராட்சிக்குள் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்பதை அந்த அரசாணைகள் பார்ப்பதில்லை. ஊராட்சிக்கு ஒரு மைதானம் என்றால் அது எங்கே அமையும்? ஊராட்சிக்கு ஒரு பெட்டி விளையாட்டுப் பொருள் என்றால் அதன் சாவி யாரிடம் இருக்கும்? காலனிப் பையன் போய்க் கேட்டால் அந்தப் பெட்டி திறக்குமா? உங்கள் ஊரில் இதற்கு என்ன பதில் என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். சாவி ஒழுங்காகக் கிடைக்கும் ஊராட்சி உங்களுடையது என்றால் மகிழ்ச்சி. அதைப் பக்கத்து ஊருக்கும் சொல்லுங்கள்.

நகரத்தின் விளிம்பிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்றும் சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். வீடு என்று ஒரு சிறு அறை கொடுத்தார்கள். வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஆயினும் அந்தக் கண்ணகி நகரிலிருந்துதான் கபடி வீராங்கனை கார்த்திகா வந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியின் துணைத் தலைவர் அவர். அரசு அவருக்கு ரூ.25 லட்சம் பரிசளித்தது. கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் அந்தப் பெயரைப் பெருமையோடு சொன்னார்கள்.

பரிசு கொடுத்தது சரி. ஆனால் வென்ற பிறகு பாராட்டுவதைவிட, வெல்வதற்கு முன்னால் மைதானம் கொடுப்பதுதான் அரசின் முதல் வேலை. செம்மஞ்சேரி விளையாட்டு நகரம் எழும்போது, அதன் மதிலுக்கு வெளியே வாழும் அந்தப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா? கட்டணமில்லாப் பயிற்சி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்கப்படுமா? இல்லையென்றால் அவர்கள் அங்கே தோட்ட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் மட்டுமே போவார்கள். பல்வங்கர் பாலு புனே மைதானத்துக்குள் போன அதே வழியில்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைதானம் காலனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊர்த்தெருவைத் தாண்டி இருந்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்ணை அங்கே அனுப்பும் தாய் எத்தனை பேர்? விளக்கும் கழிப்பறையும் இல்லாத மைதானத்தில் அவள் எத்தனை நாள் ஆடுவாள்? தொலைவும் இருட்டும் ஆணுக்குச் சிரமம் மட்டும்தான். பெண்ணுக்கு அதுவே தடை.

மைதானம் வேலைக்கும் வழி

விளையாட்டு வயிற்றை நிரப்புமா என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றிலும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். ஏரிக்குள் ரப்பர் பந்தில் நூறு மேட்ச் ஜெயித்தாலும் அந்தச் சான்றிதழ் வராது. கபடியை மண்ணில் ஆடிப் பழகிய பையன் மாநிலப் போட்டியில் மேட்டில் ஆட வேண்டும். மேட்டைப் பார்த்தே இராதவன் அங்கே எப்படி ஜெயிப்பான்? மைதானம் இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஒதுக்கீடு வெறும் காகிதம்.

பள்ளியில் இருந்தே இது தொடங்குகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிகள் மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மைதானம் உள்ளவை எத்தனை, உடற்கல்வி ஆசிரியர் உள்ளவை எத்தனை என்று அரசு ஊர் வாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் வெளிவந்தாலே பாதி உண்மை புரிந்துவிடும்.

அரசுக்கும் நமக்கும் உள்ள வேலை

அரசிடம் நாம் கேட்பவை சில. முதலாவது, விளையாட்டுத் துறையின் செலவில் ஆதிதிராவிடர் பங்கு என்று காட்டப்படும் தொகை எந்த ஊரில், எந்த வேலைக்குப் போனது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2024-ல் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கு வெளியே வர வேண்டும். பெரிய அரங்கங்களின் செலவில் ஒரு சதவீதம்கூட இந்தப் பங்கில் எழுதக் கூடாது.

இரண்டாவது, ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக ஐந்தாண்டுகளில் ரூ.1,000 கோடி என்று அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்தில் விளையாட்டு மைதானத்தையும் அடிப்படை வசதியாகச் சேர்க்க வேண்டும். குடிநீரும் சாலையும் முதலில் வரட்டும். அவற்றுக்கு அடுத்த வரிசையில் மைதானம் நிற்கட்டும்.

மூன்றாவது, தொகுதிச் சிறு விளையாட்டரங்கத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது காலனியிலிருந்து எவ்வளவு தூரம், பேருந்து உண்டா என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மதுராந்தகமும் செய்யூரும் தனித் தொகுதிகள். அந்தத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க முதல் கடமைப்பட்டவர்கள். நான்காவது, செம்மஞ்சேரி, மேலக்கோட்டையூர் போன்ற பெரிய வளாகங்களில் சுற்று வட்டாரத்து அரசுப் பள்ளி, நலத்துறைப் பள்ளி, விடுதி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி நேரத்தை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. கேட்காமல் எதுவும் வராது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபைக்கு முன்னால் ஊரில் படித்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து, காலனிக்குப் பக்கத்தில் உள்ள புறம்போக்கு நிலத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கை விட்டுவிடுங்கள். அவற்றில் கட்டுமானத்துக்கு அனுமதி கிடைக்காது, நீர்நிலையை நாமும் காக்க வேண்டும். மற்ற வகை நிலம் இருந்தால், 'இந்த சர்வே எண்ணில் உள்ள இடத்தைக் காலனி விளையாட்டு மைதானமாக ஒதுக்க வேண்டும்' என்று மனு எழுதிக் கிராம சபையில் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், பேச்சாகப் போவதைவிட நூறு மடங்கு வலு இருக்கும்.

பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். 'நம் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் விளையாட்டுக்குச் செலவான ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதி எவ்வளவு, எந்த ஊரில், எந்த வேலைக்கு' என்ற ஒரே கேள்வி போதும். டெல்லியில் அந்தப் பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்தது இதே சட்டம்தான். மைதானத்தில் சாதி சொல்லித் தடுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. அடிதடியில் இறங்கி நம் பிள்ளைகள் மேல் வழக்கு ஏறவிட வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய அரசு வேலையை அந்த வழக்கே கெடுத்துவிடும்.

ஊர்த்தெரு இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துக் காலனியில் நல்ல பந்துவீச்சாளர் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். அவரை விட்டுவிட்டு டீம் எடுத்தால் தோற்பது உங்கள் ஊர்தான். ஒரே டீமாக ஆடும் ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அங்கே கோப்பையும் வருகிறது, தகராறும் குறைகிறது.

கோவளம் கடற்கரையில் நீலக்கொடி பறக்கட்டும். மாமல்லபுரத்துக்கு உலகம் வரட்டும். அகமதாபாத்தில் காமன்வெல்த் போட்டி சிறப்பாக நடக்கட்டும். அவற்றுக்கான செலவு நம் பிள்ளைகளின் பங்கிலிருந்து போகக் கூடாது. அந்தப் பங்கில் வாங்க வேண்டியது ஒவ்வொரு காலனிக்கும் சமன் செய்த ஒரு ஏக்கர் நிலம், இரண்டு விளக்குக் கம்பம், ஒரு கழிப்பறை, வாரத்தில் மூன்று நாள் வரும் ஒரு பயிற்சியாளர். கோடிகளில் பேசும் அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. அடுத்த கிராம சபைக்கு அந்த சர்வே எண்ணோடு போங்கள்.